நாற்றங்காலில் நாற்றம் உண்டா? சொல்லின் வேரைத் தேடப் புதிதாக வருபவர்களுக்கு

ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்துவிட்டால் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை, நாகை வயல்களில் முதல் வேலை குறுவைக்கு நாற்றங்கால் தயார் செய்வதுதான். தழையும் எருவும் போட்டுச் சேற்றில் மிதித்து, பரம்படித்து, முளை கட்டிய விதையைத் தெளிப்பார்கள். தழை மக்கும்போது வாடை அடிக்கும். அந்த வாடையால்தான் ‘நாற்றங்கால்’ என்று பெயர் வந்தது என யாராவது விளக்கினால் தலையாட்டத் தோன்றும். ஆனால் அந்த விளக்கம் தவறு. ஏன் தவறு என்று பார்த்து முடிப்பதற்குள் சொற்பிறப்பியலின் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

சொல்லைப் பிரித்தால் நாற்று + அம் + கால். நடுவில் நிற்கிற ‘அம்’ வெறும் சாரியை, அதாவது இரண்டு சொற்களை இணைக்க வரும் பொருளற்ற அசை. பனை + அம் + காய் பனங்காய் ஆவதும், புளி + அம் + கொம்பு புளியங்கொம்பு ஆவதும் இதே முறையில்தான். ஆக இங்கே ‘நாற்றம்’ என்ற சொல்லே இல்லை, நாற்றுதான் இருக்கிறது. நாற்றோ, முளைத்தல், தோன்றுதல் என்று பொருள்படும் ‘நாறு’ என்ற பழைய சொல்லின் பிள்ளை. மணத்தைக் குறிக்கும் ‘நாறு’ வேறு சொல். இன்றைய தமிழில் இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டதால் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரித்துக் காட்டுவது கடினம். மலையாளத்துக்குப் போனால் விஷயம் தெளிந்துவிடும். அங்கே வயலில் நடும் நாற்று ‘ஞாறு’. கெட்ட வாடை அடிப்பது ‘நாறுக’. ஒன்றுக்கு ஞ, மற்றதற்கு ந. பழைய ஞகரம் தமிழில் பல சொற்களில் நகரமானது நமக்குத் தெரியும்: ஞண்டு நண்டாயிற்று, ஞாண் நாண் ஆயிற்று. மலையாளம் இன்னும் ஞண்டு என்றே சொல்கிறது. தெலுங்கிலும் நாற்றுக்கு ‘நாரு’. எனவே நாற்றுக்கும் நாற்றத்துக்கும் உறவு இல்லை.

மிச்சம் இருப்பது ‘கால்’. தமிழில் கால் என்ற ஓசையில் உடல் உறுப்பு, காற்று, நாலில் ஒரு பங்கு, நீர் ஓடும் வழி, இடம் எனப் பல பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. இடத்தைக் குறிக்கும் ஏழாம் வேற்றுமைச் சொற்களில் தொல்காப்பியம் ‘கால்’ என்பதையும் சேர்த்திருக்கிறது. நாற்றங்காலுக்கு அந்தப் பொருள் பொருந்துகிறது: நாற்றுக்கான இடம். வாய்க்காலில் வருவது வேறு கால், நீர் ஓடும் வழி. அது தனிச்சொல் என்பதற்கு உறவு மொழிகள் சாட்சி: கன்னடத்தில் கால்வாய்க்குக் ‘காலுவெ’, தெலுங்கில் ‘காலுவ’. ஒரே போகத்தில் ஒரு விவசாயி கால் பதித்து நடக்கிற வாய்க்கால் வரப்பும் அவர் விதை விடுகிற நாற்றங்காலும் மூன்று வெவ்வேறு கால்களைச் சுமக்கின்றன என்பது எத்தனை அழகு!

பிரிப்பது வேறு, நிறுவுவது வேறு

சொற்பிறப்பியல் என்றால் ஒரு சொல்லின் வடிவமும் பொருளும் எந்த வழியாக இன்றைய நிலைக்கு வந்தன என்று சான்றோடு காட்டுவது. புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் பிழை, இன்றைய வடிவத்தைக் கையில் எடுத்து அப்படியே இரண்டாக வெட்டுவது. கா + விரி = காவிரி, சோலைகள் விரிந்த ஆறு என்பார்கள். காதுக்கு இனிமைதான். ஆனால் தமிழில் ஓரெழுத்துச் சொற்களும் ஈரெழுத்து வேர்களும் ஏராளம். எந்த நீளமான சொல்லையும் பொருள் வரும்படி வெட்டிவிடலாம். வெட்ட முடிகிறது என்பது எதற்கும் சான்று ஆகாது. ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று தொல்காப்பியம் சொல்வது இதைத்தான். காரணம் உண்டு, பார்த்த மாத்திரத்தில் பிடிபடாது.

பிடிபட வைக்க நாலு வேலை செய்ய வேண்டும். முதலில், பேச்சில் கேட்டதை எழுத்து வடிவத்துக்குக் கொண்டுபோவது. இதற்கு விதிகள் ஒழுங்காகவே இருக்கின்றன: ற்ற பேச்சில் த்த ஆகும் (காற்று, காத்து, நாற்று, நாத்து), முதல் எழுத்தின் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் தளரும் (இலை, எலை, உரல், ஒரல்), ஐந்து அஞ்சாகும். ‘வெள்ளாமை’ என்று வயலில் கேட்பதை வெள்ளம் + ஆமை என்று வெட்டக் கிளம்பாமல் வேளாண்மைக்குப் போக வேண்டும். ‘வைக்கல்’ என்று கேட்பது வைக்கோல்; அதில் ‘வை’ என்பதே வைக்கோலைக் குறிக்கும் பழஞ்சொல். ‘வைக்கிற கோல்’ என்று படித்தால் தப்பு.

இரண்டாவது, கிடைப்பதில் மிகப் பழைய வடிவத்தைத் தேடுவது. மூன்றாவது, உறவு மொழிகளில் சரிபார்ப்பது. நாலாவது, பொருள் மாறிய பாதையைக் காட்டுவது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. பொருளில் தொடங்கி வடிவத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் கதையில் போய் நிற்பார்கள்.

அரசலாறும் தரங்கம்பாடியும்

இரண்டாவது வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கும்பகோணத்தை ஒட்டி ஓடும் அரசலாறு போதும். பெயரைப் பார்த்ததும் அரசன் நினைவுக்கு வருவான். வீரசோழன், முடிகொண்டான் என்று பக்கத்து ஆறுகளுக்கெல்லாம் அரசர் பெயர் இருக்கும்போது சந்தேகமே வராது. ஆனால் நற்றிணை 141ஆம் பாட்டு, சோழன் கிள்ளியின் அம்பர் என்ற ஊரைச் சூழ்ந்து ஓடும் ‘அரிசில்’ ஆற்றின் அறல் படிந்த மணலைத் தலைவியின் கூந்தலுக்கு ஒப்பிடுகிறது. தேவாரத் தலமான அரிசிற்கரைப்புத்தூர், இன்றைய அழகாபுத்தூர், இதே ஆற்றங்கரையில் இருக்கிறது. அரிசில் கிழார் என்றே சங்கப் புலவர் ஒருவர் உண்டு. ஆக ஆற்றின் பழைய பெயர் அரிசில். நடுவில் இருந்த இகரங்கள் தளர்ந்து, ‘அரசு’ என்ற பழகிய சொல்லின் இழுப்பும் சேர்ந்து அரசல் ஆனது. ‘அரிசில்’ என்பதன் வேர் என்ன என்ற கேள்வியை இதற்கு அப்புறம்தான் தொடங்க வேண்டும். அரசனிடமிருந்து தொடங்கியவர் எத்தனை நூல் புரட்டினாலும் வேறு ஊருக்குத்தான் போய்ச் சேருவார்.

தரங்கம்பாடியை ‘அலைகள் பாடும் ஊர்’ என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. இதில் இரண்டு சிக்கல். பாடி என்பது ஊரைக் குறிக்கும் ஈறு. ஆயர்பாடி, வாணியம்பாடி போல. யாரும் பாடவில்லை. இன்னொன்று, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டில் ஊர்ப்பெயர் ‘சடங்கன்பாடி’. அலையைக் குறிக்கும் ‘தரங்கம்’ பிற்கால வடிவத்தில்தான் தெரிகிறது.

ஊர்ப்பெயரில் இன்னொரு மாற்றம் மொழிபெயர்ப்பு. தேவாரத்தின் குடமூக்கு கும்பகோணம் ஆனது. கும்பம் குடம், வடமொழியில் ‘கோண’ என்ற சொல்லுக்கு மூக்கு என்றும் பொருள் உண்டு. மறைக்காடு வேதாரணியம் ஆனது. மயிலாடுதுறை, மயிலுக்கான வடசொல் வழியே மாயூரம் ஆகி, பேச்சில் மாயவரமும் ஆகி, இன்று அரசுப் பதிவில் மறுபடி மயிலாடுதுறை ஆகிவிட்டது. மாயவரம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மாயம், வரம் என்று தேடியிருந்தால் மயிலைக் கண்டுபிடித்தே இருக்க முடியாது.

ஊரில் விசாரிக்கும்போது ‘இந்தப் பேரு ஏன் வந்துச்சு?’ என்று கேட்காதீர்கள். கேட்டால் நல்ல கதை ஒன்று கிடைக்கும், பெயரின் வரலாறு கிடைக்காது. ‘பெரியப்பா, உங்க அப்பா காலத்துல இந்த வாய்க்காலை என்னன்னு சொல்வாங்க? மூலப் பத்திரத்துல எப்படி எழுதியிருக்கு?’ என்று கேளுங்கள். வடிவம் கிடைக்கும். நிலப் பத்திரத்தின் நாலு மால் (நான்கு எல்லை) விவரத்தில் பழைய வாய்க்கால் பெயர்கள் உயிரோடு இருக்கும். சோழர் கல்வெட்டுகளிலும் நிலத்தை இப்படித்தான் சொல்கிறார்கள்: இன்ன வதிக்கு (வழிக்கு) மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு (சிறு வாய்க்கால்) என்று. கல்வெட்டைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை: பழைய எழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது, எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. ‘வெலி’ என்று இருப்பதை வேலி என்று படிக்க வேண்டும். புதியவர்கள் இந்த இடத்தில் இல்லாத சொற்களை உருவாக்கிவிடுகிறார்கள்.

ஒரு மா என்றால் என்ன?

வேலி என்றவுடன் டெல்டாக்காரருக்கு முள்வேலியைவிட முதலில் நிலக் கணக்குதான் ஞாபகம் வரும். வேலி அடைத்த நிலம், அப்புறம் அந்த நிலத்தின் அளவு என்று பொருள் நகர்ந்திருக்கிறது. அடைப்பின் பெயர் அடைபட்டதற்கு ஆகும் மாற்றம் இது. வேலிக்குள் இருக்கும் ‘மா’ இன்னும் சுவையானது. மாமரம், விலங்கு, பெருமை, அரைத்த மாவு என்று மா பலவிதம். நிலத்தின் மா இவற்றில் எதுவும் இல்லை. அது ஒரு பின்னம். பழைய எண்சுவடியில் இருபதில் ஒன்றுக்கு மா என்று பெயர், எண்பதில் ஒன்றுக்குக் காணி, முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு முந்திரி. ஆக ஒரு மா நிலம் என்றால் வேலியில் இருபதில் ஒன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தஞ்சைப் பக்கம் 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா, 14,400 சதுர அடி. 20 மா ஒரு வேலி, 2,88,000 சதுர அடி, ஏக்கரில் 6.61. மூன்று மா 43,200 சதுர அடி, ஏக்கருக்கு 43,560. ‘மூணு மா ஒரு ஏக்கர்’ என்று ஊரில் சொல்வது இதனால்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் வேலி, மா, காணி, முந்திரிகை என்று இறங்கி அதற்குக் கீழேயும் நிலத்தை அளந்து எழுதியிருப்பதைப் பார்த்தால் பின்னத்திலிருந்து அளவு பிறந்தது கண்ணுக்கு நேராகத் தெரியும். வட மாவட்டங்களில் காணி என்பது 1.32 ஏக்கர் கொண்ட தனி அளவு. ஒரே சொல், இரண்டு வட்டாரத்தில் இரண்டு அளவு. எந்த ஊர் ஆவணம் என்று பார்க்காமல் பொருள் எழுதினால் நிலம் பல மடங்கு வீங்கிவிடும்.

சம்பளத்தில் சம்பாவும் உப்பும்

சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்ததால் சம்பா + அளம் = சம்பளம் என்பது பரவலாக நம்பப்படும் விளக்கம். டெல்டாவில் இதற்கு மவுசு அதிகம்; தஞ்சையில் சம்பா விளைகிறது, வேதாரண்யத்தில் உப்பளம் இருக்கிறது. நெல்லைக் கூலியாக அளந்ததும் உண்மை. இத்தனை பொருத்தம் இருக்கும் விளக்கத்தைத்தான் அதிகக் கண்டிப்போடு சோதிக்க வேண்டும்.

முதல் சோதனை புணர்ச்சி. ஆகாரத்தில் முடியும் சொல்லோடு அகரம் சேர்ந்தால் இடையில் வகரம் வர வேண்டும்: பலா + அடி பலாவடி. எனவே சம்பா + அளம் ‘சம்பாவளம்’ ஆக வேண்டும், சம்பளம் ஆகாது. ‘சம்பு + அளம்’ என்று மாற்றி எழுதினால் புணர்ச்சி சரியாகிவிடும். ஆனால் இரண்டாவது சோதனை இருக்கிறது. கன்னடத்தில் ‘சம்பள’, தெலுங்கில் ‘சம்பளமு’, இரண்டுக்கும் ஊதியம் என்றே பொருள். வடமொழியிலும் பாலியிலும் ‘சம்பல’ என்றால் வழிச்செலவுக்கான கட்டுச்சோறு, உணவுப்பொருள். வழிச்செலவுக்குக் கொடுப்பது, வேலைக்குக் கொடுப்பது என்று பொருள் நகர்ந்த பாதை நேராக இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் இந்த வழியைத்தான் காட்டுகிறது. நெல்லும் உப்பும் சேர்ந்த கதையை விட மனம் வராதுதான். ஆனாலும் விட வேண்டும்.

இணையத்தில் சுற்றும் ‘மடையன்’ கதையும் இந்த வகை. வெள்ளத்தில் உயிரைப் பணயம் வைத்து மடை திறந்தவர் மடையர், அந்த வீரப் பெயர் வசைச்சொல்லாகிவிட்டது என்கிறார்கள். அறியாமையைக் குறிக்கும் மடம், மடமை, மடவோர் எல்லாம் சங்கப் பாடல்களிலேயே மடைக்குத் தொடர்பில்லாமல் இருக்கின்றன. நீர் மடை ஒரு சொல், சமைத்துப் படைக்கும் மடை இன்னொரு சொல், மடமையின் குடும்பம் மூன்றாவது. மடை திறந்தவரின் துணிச்சலைப் போற்ற இந்த வசைச்சொல் தேவையில்லை.

கிராம அலுவலகத்தில் ஒரு காகிதம்

கடன் சொற்களைப் பழக விஏஓ அலுவலகத்தைவிட நல்ல இடம் கிடையாது. ‘அடங்கல்’ தமிழ், அடங்கு என்ற வினையிலிருந்து வந்தது. ‘புறம்போக்கு’ தமிழ். ‘சிட்டா’ மராத்தி, இந்தி வழி. ‘ஜமாபந்தி’ பாரசீகம். ‘மிராசு’ வாரிசுரிமையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து. தாளின் தலையில் இருக்கும் ‘பசலி’ அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் அரபு ‘ஃபஸ்ல்’. ஜூலை 1இல் தொடங்கும் ஆண்டு அது. ஆங்கில ஆண்டிலிருந்து 590 கழித்தால் அந்த ஜூலையில் தொடங்கும் பசலி கிடைக்கும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. அதே அடங்கலில் எழுதும் ‘சாகுபடி’யைத் தமிழென்று நினைத்துச் சாகு + படி எனப் பிரித்து வருந்துபவர்கள் உண்டு. அது தெலுங்கு ‘சாகுபடி’. அங்கே ‘கு’வை அழுத்தாமல் மெல்லொலியாகச் சொல்வார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் தஞ்சையை ஆண்ட நாயக்கர்கள் தெலுங்கு பேசியவர்கள். அடுத்து மராத்தியர்; 1799இல் நிர்வாகம் ஆங்கிலேயர் கைக்குப் போன பின் 1855 வரை அவர்கள் பெயரளவுக்குத்தான் அரசர்கள். நிர்வாகச் சொற்களில் அவர்கள் தடம் இருப்பதில் வியப்பில்லை.

கடற்கரைக்குப் போனால் போர்த்துக்கீசியம். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, பாதிரி எல்லாம் அதிலிருந்து வந்தவை. நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் விடும் ஏலமும் அப்படித்தான். ‘லெயிலாவ்ங்’ என்பதன் முதல் லகரம் தமிழில் உதிர்ந்துவிட்டது. தமிழ்ச் சொல் லகரத்தில் தொடங்காது என்ற பழைய விதி இங்கே வேலை செய்திருக்கிறது. பாயசத்தில் போடும் ஏலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ட, ர, ல, ஜ ஆகிய எழுத்துகளில் தொடங்கும் சொல்லைப் பார்த்தால் கடனாக இருக்கலாம் என்று முதலிலேயே குறித்துக்கொள்ளலாம். போன கடனும் உண்டு: நம் அணைக்கட்டு ஆங்கிலத்தில் ‘ஆனிகட்’ ஆகிக் கல்லணையின் பெயரிலேயே உட்கார்ந்துவிட்டது, சோழமண்டலம் ‘கோரமாண்டல்’ ஆனது. ஆனால் ‘அரிசிதான் ரைஸ்’ என்று ஒரே கோடாக இழுக்க முடியாது. ஆங்கிலச் சொல் கிரேக்க ‘ஒரிசா’விலிருந்து வருகிறது, அதற்கு நெருக்கமானவை பாரசீக ‘பிரிஞ்ச்’, வடமொழி ‘வ்ரீஹி’ போன்ற வகரமோ பகரமோ முன்னே நிற்கும் வடிவங்கள். அவற்றுக்கு அடியில் திராவிடச் சொல் இருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அதைச் சொல்வதானால் ஊகம் என்று எழுதித்தான் சொல்ல வேண்டும்.

ஒலி ஒப்புமை என்றால் எது?

இரண்டு சொற்கள் ஒரே மாதிரி ஒலிப்பது உறவுக்குச் சான்றாகாது. வேறுபாடு ஒழுங்காக, பல சொற்களில் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் சான்று. தமிழ்ப் பகரம் முதலில் நின்றால் இன்றைய கன்னடத்தில் ஹகரம்: பால், ஹாலு, பத்து, ஹத்து, புலி, ஹுலி. தமிழ் ழகரம் தெலுங்கில் பல இடங்களில் டகரம்: ஏழு, ஏடு, கோழி, கோடி. தமிழ்ச் ‘செவி’ கன்னடத்தில் ‘கிவி’. கோழியும் கோடியும் காதுக்கு அவ்வளவு ஒத்துப்போகவில்லை, ஆனால் உறவு உறுதி. இந்த மாதிரி பத்து இணைகளையாவது மனப்பாடம் செய்துவிட்டு அகராதியைத் திறப்பது நல்லது.

திறக்க வேண்டியவை இரண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் பின்னிணைப்பு) சொல்லுக்கு இலக்கிய மேற்கோளும், உறவு மொழி வடிவங்களும், கடன் என்றால் மூலமும் தருகிறது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) உறவுச் சொற்களைக் குழு குழுவாக வைக்கிறது, தமிழ்ச் சொல் இருந்தால் குழு அதில்தான் தொடங்கும் என்பதால் நமக்குத் தேடுவது சுலபம். இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தேவநேயப் பாவாணர் தொடங்கி வைத்த செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலியையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ் வேர்களை விரிவாகப் பேசுகிறது, ஆனால் வடமொழிக் கடன் என்று பிறர் சொல்லும் பல இடங்களில் மாறுபடும். மாறுபடும் இடத்தில் இரு தரப்பும் காட்டும் மிகப் பழைய மேற்கோள் எது என்று பாருங்கள். ஆசிரியர் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

குறிப்பேட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே கேட்ட பேச்சு வடிவம், கேட்ட ஊர், அங்கே வழங்கும் பொருள். அடுத்து எழுத்து வடிவம், மிகப் பழைய சான்றும் அது கிடைத்த நூல் அல்லது கல்வெட்டும், உறவு மொழி வடிவங்கள், பொருள் நகர்ந்த பாதை. கடைசி வரியில் உறுதி, ஏறக்குறைய உறுதி, ஊகம் என்று மூன்றில் ஒன்று. ஊரில் சொல்லும் கதையையும் எழுதி வையுங்கள், தனிப் பத்தியாக. சொல் எப்படிப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பதற்கு அது ஆவணம். ஆரம்பிக்க வயலே போதும்: நாற்று, தாளடி (குறுவை அறுத்த தாளை உழுது அதன் மேல் வைக்கும் போகம்), பரம்பு, மதகு, கலம், மரக்கால். இந்த ஆறையும் முடிக்காமல் காவிரிக்குப் போகாதீர்கள். ஆற்றுப் பெயர்கள் சொற்களிலேயே பழையவை, கடினமானவை.